கழற்றிய பிறகும் சாத்தியிருந்த கதவு

மீராந்துறை முத்துவாப்பா தெருவில் பெண்கள் தெருவில் கால் வைக்காமலே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்வந்தார்கள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் ஏதோ மந்திரம் மாயம் என்று நினைப்பார்கள். அதில் மாயம் ஒன்றுமில்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ளுக்குள் ஒரு கதவு இருந்தது, அவ்வளவுதான். அந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேருவார். ஆகவே அக்காவும் தங்கச்சியும் பெரியம்மா மகளும் சாச்சி மகளும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்து, கறிவேப்பிலைக்கும் கதைக்கும் ஒருத்தி அடுப்படி வழியாக இன்னொருத்தி கூடத்துக்குப் புகுந்து, இருபத்திரண்டு வீட்டையும் ஒரே நீள வீடாக்கி வைத்திருந்தார்கள். மாயம் என்று சொல்வதாக இருந்தால், அது தெருவின் நட்டநடுவில், ஜைனம்பு வீட்டுக்கும் முத்து மீராள் வீட்டுக்கும் இடையில் இருந்த கதவைப் பழைய கதவு வியாபாரி சந்தியாகு கழற்றிக்கொண்டு போன பிறகு நடந்தது.

அந்த இரண்டும் உண்மையில் ஒரே வீடு. கொழும்பில் கல் வியாபாரம் செய்த வாப்பா கட்டியது. இரண்டு மகள்களுக்கும் சரிபாதியாகப் பிரித்து நடுச்சுவர் எழுப்பி, சுவரில் பர்மா தேக்கில் ஒற்றைக் கதவு ஒன்று வைத்தார், கொடியும் பூவும் செதுக்கியது, மூன்று ஆள் தூக்கினாலும் முனகாமல் எழும்பாதது. தாழ்ப்பாள் மட்டும் வைக்கவில்லை. ஆசாரி கேட்டதற்கு, "கூடப்பொறந்தவளுக்கு எதுக்குவே தாழ்ப்பாள்? காத்துக்குச் சாத்துறதுக்குத்தான் கதவு" என்று சொல்லிவிட்டார். மூத்தவள் ஜைனம்பு, இளையவள் முத்து மீராள். இரண்டு பேருக்கும் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, வாப்பாவும் உம்மாவும் அடக்கமாகி, இருபத்தைந்து வருசம் அந்தக் கதவு காற்றுக்கு மட்டுமே சாத்தியது.

பிறகு ஜைனம்புவின் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிந்தது. பேசி முடிந்த நாளில் கல்கண்டுத் தட்டை முதலில் கூடப்பிறந்தவளிடம் கொடுக்க வேண்டும், அதையும் உள்கதவு வழியாகப் பெண்ணின் தாய் தன் கையால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தெருவில் யாரும் எழுதி வைக்காத சட்டம். ஜைனம்புவுக்கு அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை. புதிதாக வேலைக்கு வந்த பெண்ணிடம் தட்டைக் கொடுத்து, "பக்கத்துல தங்கச்சி வீட்டுல குடு" என்றாள். வேலைக்காரிக்கு வழமை என்ன தெரியும்? தெருவில் இறங்கி, தலைவாசலுக்குப் போய், அசலாருக்குக் கொடுப்பது போல நீட்டிவிட்டாள். முத்து மீராள் தட்டைத் திருப்பி அனுப்பினாள், அதையும் தெரு வழியாகவே. காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும், ஆனால் ஜைனம்பு சொல்லவில்லை, கூடப்பிறந்தவளுக்கு அதுகூடத் தெரியாதா என்று நினைத்தாள். கோபத்துக்கும் காய்ச்சலுக்கும் எதற்கு எது காரணம் என்று தெரியாத சூட்டில் ஆசாரியைக் கூப்பிட்டுத் தன் பக்கம் ஒரு பித்தளைத் தாழ்ப்பாளை முடுக்கினாள். திருகாணி முடுக்கும் சத்தத்தைச் சுவருக்கு அந்தப்புறம் கேட்ட முத்து மீராள், வேலை முடித்து வெளியே வந்த அதே ஆசாரியைத் தெருவிலேயே மறித்து உள்ளே கூட்டிப்போய், அதைவிட ஒரு விரல் நீளமான தாழ்ப்பாளைத் தன் பக்கம் போட்டாள். ஒரே நாளில் ஒரே கதவுக்கு இரண்டு கூலி வாங்கிய ஆசாரி அந்தத் தெருவில் அவன் ஒருவன்தான்.

பத்தொன்பது வருசம். அத்தனை வருசமும் அந்தத் தெருப் பெண்கள் முனையிலிருந்து வீடு வீடாக வந்து, நடுவில் வழி அடைத்துக் கிடப்பதால், பதினேழு அடி எடுத்து வைக்கும் தூரத்துக்காக வெள்ளைத் துப்பட்டியை முழுக்கப் போர்த்தித் தெருவில் இறங்கி நடந்து, அடுத்த வாசலில் ஏறித் துப்பட்டியைக் கழற்றினார்கள். முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார்கள், ஆனால் செய்தார்கள். எந்த ஊரும் தன் வீண் பிடிவாதக்காரர்களுக்கு இவ்வளவு இடம் கொடுத்துத்தான் வைத்திருக்கிறது. கல்யாண வீடுகளில் ஜைனம்புவை மத்தியானம் லுஹருக்கு அழைத்தால் முத்து மீராளைச் சாயங்காலம் அஸருக்கு அழைத்தார்கள். இரண்டு பேரின் மாப்பிள்ளைமாரும் பேசிப் பார்த்து, அலுத்து, ஒருவர் பின் ஒருவராக மௌத்தாகியும் போனார்கள். ஜைனம்புவின் மகள் துபாயில் தங்கிவிட்டாள். முத்து மீராளுக்கு ஒரே மகன், கோலாலம்பூரில். வீட்டை வாங்கி இருக்கப் பெண்பிள்ளை இல்லை என்றானதும், ஜமாஅத்துக்காரர்கள் நடுவில் நின்று வீட்டை விற்றுக் கொடுத்தார்கள். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறவர் ஒருவர் வாங்கினார். ஜைனம்புவுக்குத் தெருமுனையில் ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பார்த்தாயிற்று. முத்து மீராளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை மகனிடம் போக டிக்கெட் போட்டாயிற்று, அறுபத்திரண்டு வயதில் போகிறவள் திரும்பி வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. ஜைனம்புவும் நினைக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று தினமும் விரல் விட்டு எண்ணினாள். ஆனாலும் வாயைத் திறந்தால் கல்கண்டுத் தட்டுத்தான் முதலில் வெளியே வரும் என்று பயந்து மூடிக்கொண்டிருந்தாள்.

இடிப்பதற்கு முன்னால் கதவு, நிலை, கீல், குமிழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சந்தியாகு சனிக்கிழமை காலை லாரியோடு வந்தான். தூத்துக்குடி ரோட்டில் பழைய கதவுகளைக் காடு மாதிரி நிறுத்தி வைத்திருக்கும் கொட்டகைக்காரன். ஐம்பது வயதுக்கு மேல், காதில் பென்சில், எந்தக் கதவைப் பார்த்தாலும் முதலில் உள்ளங்கையால் ஒருதரம் தடவிவிட்டுத்தான் பேசுவான். மற்ற பதினான்கு கதவும் நல்ல பிள்ளைகளாகக் கழன்று வந்தன. நடுக்கதவுக்கு வந்து ஜைனம்புவிடம், "பெரியம்மா, தாழ்ப்பாளைத் தொறந்துவிடுங்க" என்றான்.

"அவளை மொதல்ல தொறக்கச் சொல்லு."

சந்தியாகு தெருவில் இறங்கி, வெயிலில் நடந்து, அடுத்த வாசலில் ஏறினான். முத்து மீராள், "ராத்தா மொதல்ல தொறக்கட்டும்" என்றாள். திரும்பி வந்தான். மறுபடி போனான். நாலாவது நடையில் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு எதுக்கு ஊர்ப் பொல்லாப்பு, நிலையோட பேத்து எடுத்துட்டுப் போறேன்" என்று ஆட்களுக்குக் கடப்பாரையைக் காட்டினான். இரண்டு பக்கமும் தாழிட்டபடியே, நிலையோடு சேர்த்துக் கதவைப் பெயர்த்து, ஐந்து பேர் தோளில் வைத்து லாரியில் ஏற்றினார்கள்.

லாரிச் சத்தம் ஓய்ந்ததும் ஜைனம்பு அந்த ஓட்டையிடம் போனாள். பெயர்ந்த செங்கல், உதிர்ந்த சுண்ணாம்பு, அதற்கு அந்தப் பக்கம் முத்து மீராள் வீட்டுக் கூடம், அவளுடைய மஞ்சள் சேர், பெட்டி கட்டுவதற்கு எடுத்துப் போட்ட துணிகள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. எட்டிப் பார்க்கலாம் என்றுதான் ஓர் அடி எடுத்து வைத்தாள். நெற்றி ணங்கென்று மோதியது. தேக்கில் மோதினால் எப்படி வலிக்குமோ அப்படி வலித்தது. கையால் தடவினால் கொடியும் பூவும் விரலில் தட்டின, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் எதிரில், ஒரு முழத் தூரத்தில், முத்து மீராளும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். காதில் உம்மாவின் அலுக்குத்து. ஜைனம்பு சட்டென்று திரும்பி அடுப்படிக்குப் போய், எரியாத அடுப்பை ஊதினாள். வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், தான் எதற்குப் போனோம் என்பதை மறந்துவிட்டு.

கதவு போயும் வாசல் திறக்கவில்லை என்ற செய்தி பொழுது சாய்ந்து மஃரிபு ஆவதற்குள் இருபத்திரண்டு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், பாதிப்பேர் இந்தப் பக்கமும் பாதிப்பேர் தெரு சுற்றி அந்தப் பக்கமுமாக நின்று தட்டிப் பார்த்தார்கள். தேக்குச் சத்தம்தான் என்று ஒருத்தி சொன்னாள், வேங்கை என்று இன்னொருத்தி சண்டைக்குப் போனாள். பேசினால் அந்தப் பக்கம் கேட்கவில்லை, ஏதோ முனகல் மாதிரித்தான் வந்தது, தடிமனான கதவுக்கு அப்பால் எப்படிக் கேட்குமோ அப்படி. பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் கேட்டதற்கு அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "பூட்டியிருந்தா மூணு தடவை தட்டணும், பதில் இல்லேன்னா திரும்பிப் போயிரணும், நமக்குச் சொன்னது அவ்வளவுதான்; கதவு கண்ணுக்குத் தெரியணும்னு யாரும் சொல்லலையே" என்றார். வீடு வாங்கியவரின் மேஸ்திரி வந்து அளவுகோலை அந்தரத்தில் சாய்த்து வைத்து, அது விழாமல் நிற்பதைப் பார்த்து, "சுவரை இடிச்சிரலாம். இதை என்ன பண்ணன்னு முதலாளிட்டக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு தெரு அதைப் பழகிக்கொண்டது. பிள்ளைகள் ரப்பர் பந்தை எறிந்தார்கள், பந்து காற்றில் பட்டுத் திரும்பி வந்தது. சுவரில் எறிந்தால் திட்டுகிற பெரியவர்கள் இதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். முடக்குவாதக் கிழவி ஒருத்தி, வெயில் காலத்தில் இவ்வளவு குளிர்ச்சியாக முதுகு சாய ஓர் இடம் கிடைத்ததில்லை என்று தினமும் வந்து சாய்ந்துகொண்டாள். முத்து மீராளின் சாம்பல் பூனை அந்தப் பக்கம் அதே இடத்தில் சாய்ந்து தூங்கியது, கிழவியும் பூனையும் முதுகோடு முதுகு ஒட்டி அந்தரத்தில் கிடந்தார்கள். மூன்றாம் நாள், செதுக்கிய கொடியின் விளிம்புகளில் தூசி படிந்து, காற்றில் மெல்லிய கோடுகளாகப் பூவும் இலையும் தெரிய ஆரம்பித்தன. வழக்கம் விடாமல் ஜைனம்பு ஈரத்துணி எடுத்துத் துடைத்தாள். துடைக்கும்போது எதிரில் முத்து மீராளும் துடைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரே பூவின் இரண்டு பக்கத்தையும் சுத்தமாகத் துடைத்து முடித்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம் சந்தியாகு வந்தான். இந்தத் தடவை லாரி இல்லை, மோட்டார் சைக்கிள். ஜைனம்பு கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, குவளையைக் கீழே வைக்காமல் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"பெரியம்மா, நாலு நாளா அந்தக் கதவைச் சுத்திச் சுத்தி வாரேன். உங்க தாழ்ப்பாளை இழுத்தா வெண்ணெய் மாதிரி வருது. சுத்திப் போயி அந்தப் பக்கத்தை இழுக்கேன், அதுவும் வருது. திரும்பி இந்தப் பக்கம் வந்தா இது பழையபடி பூட்டிக் கெடக்கு. எம்பொஞ்சாதியை அந்தப் பக்கம் நிறுத்திச் சேந்து இழுத்துப் பாத்தேன், ரெண்டும் அசைய மாட்டேங்கு."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"அதுக்கில்ல. முப்பது வருசமா பித்தளையோட கெடக்கேன். பத்தொன்பது வருசம் பூட்டிக் கெடந்த தாழ்ப்பாள்னா பச்சைக் களிம்பு பூத்திருக்கும், குமிழ் கறுத்திருக்கும், சுத்தியலால ரெண்டு போட்டாத்தான் தண்டு அசையும். இது அப்பிடி இல்ல. குமிழ் தங்கம் மாதிரி மின்னுது. வெரல் படுற எடம் தேஞ்சு குழி விழுந்திருக்கு. இது பூட்டிக் கெடந்த தாழ்ப்பாள் இல்ல பெரியம்மா. தொறந்து தொறந்து பாத்த தாழ்ப்பாள்."

ஜைனம்புவுக்கு முகம் சூடாகிவிட்டது. திருட்டைக் கண்டுபிடித்துவிட்டான் என்பது போல முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆமாம், திறந்தாள். ஒவ்வொரு பெருநாளும் தொழுகை முடிந்து, வட்டலாப்ப இனிப்புக் கிண்ணத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் தாழ்ப்பாளை விலக்கி, கதவை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள். அது அந்தப் பக்கம் பூட்டியிருக்கும். அவமானத்தில் தாழ்ப்பாளை டமார் என்று அறைந்து சாத்திவிட்டு வட்டலாப்பத்தை வேலைக்காரிக்குக் கொடுப்பாள். உம்மாவுக்கு வருசாவருசம் ஃபாத்திஹா ஓதும் நாளிலும் அப்படித்தான். இதையெல்லாம் இந்தக் கதவுக்காரனிடம் சொல்ல முடியுமா?

"என் தாழ்ப்பாள்தானே, நான் தொறப்பேன் சாத்துவேன்" என்றாள்.

"உங்களது மட்டும் இல்ல பெரியம்மா. ரெண்டும்."

சந்தியாகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனான். சற்று நேரத்தில் அந்தரக் கதவுக்கு அந்தப் பக்கம், முத்து மீராள் கூடத்தில், அவன் வந்து நிற்பது தெரிந்தது. அவன் வாய் அசைவதும், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்துக் காட்டுவதும், பிறகு விரலை இந்தப் பக்கம் நீட்டுவதும் தெரிந்தன. ஒரு சத்தமும் வரவில்லை. முத்து மீராள் கேட்டுக்கொண்டே இருந்தாள், மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினாள், கையில் மடித்த துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் தங்கச்சி அழுவதை ஜைனம்பு பத்தொன்பது வருசத்துக்குப் பிறகு பார்த்தாள். சின்னப் பிள்ளையில் அழுதது போலவே, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு. ஜைனம்பு அந்தரக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். முத்து மீராள் நிமிர்ந்தபோது, ஜைனம்பு காற்றில் ஒரு தாழ்ப்பாளைப் பிடித்து இழுப்பது போலக் கை காட்டினாள்.

அதற்காக இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் போய்விடவில்லை. கோபம் போனாலும் அதன் கௌரவம் அவ்வளவு சீக்கிரம் போகாது. இரண்டு ஆட்டோ பிடித்தார்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சந்தியாகு மோட்டார் சைக்கிளில் வழிகாட்ட, தூத்துக்குடி ரோட்டில் ஊர்வலம் மாதிரி போனார்கள். கொட்டகையில் நூற்றுக்கணக்கான கதவுகள் எதற்கும் வழிவிடாமல் நின்றன. நடுவில் அவர்களுடைய கதவு, நிலையோடு, முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தது. ஜைனம்பு தன் பக்கம் போய் நின்றாள். முத்து மீராள் தன் பக்கம் போய் நின்றாள். இப்போது பார்க்க முடியவில்லை, ஆனால் கிட்டத்தில் வாய் வைத்துப் பேசினால் கேட்டது.

"ராத்தா."

"இங்கதான்ளா ஈக்கிறேன்."

"நீங்கோ எப்ப தொறந்து பாத்தீங்கோ?"

"பெருநாளைக்குப் பெருநாள். நீ?"

"நோன்பு தொறக்குற நேரம். கஞ்சியை வச்சுக்கிட்டு. நீங்கோ ஆஸ்பத்திரியில ஆப்பரேசன் பண்ணிட்டு வந்தன்னைக்கும்."

"எனக்குக் கேக்கவே இல்லையே! டமார் டமார்னு நீ சாத்துறதுதான் கேக்கும்."

"எனக்கும் நீங்கோ சாத்துறதுதான் கேட்டுச்சு" என்று முத்து மீராள் சொன்னாள். "தொறக்கையில மெதுவாத் தொறந்தோம் ராத்தா. சாத்தையிலதான் சத்தமாச் சாத்துனோம்."

ஜைனம்பு நிலையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்ளா" என்றாள். "எழுந்திரிக்க முடியல. அதான் அவகிட்டக் குடுத்துவிட்டேன்."

அந்தப் பக்கம் முத்து மீராள் கதவை உள்ளங்கையால் ஒருதரம் அடித்தாள். பிறகு, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல, பாவி" என்று முத்து மீராள் சொன்னாள். ராத்தாவைப் பாவி என்று அவள் சொன்னது அதுதான் முதல்தடவை, ஜைனம்புவுக்கு அது தேன் மாதிரி இருந்தது.

"நான் மூணு எண்ணவா?" என்று சந்தியாகு கேட்டான்.

"ஒண்ணும் வேண்டாம்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள், ஒரே நேரத்தில் இழுத்தார்கள்.

சரியாக அந்த நேரத்தில், பதினாறு மைலுக்கு அப்பால் முத்துவாப்பா தெருவில், அந்தரத்தில் சாய்ந்திருந்த கிழவி மல்லாக்க அந்தப் பக்கம் விழுந்தாள், பூனை மியாவ் என்று இந்தப் பக்கம் விழுந்தது, கிழவிக்கு அடி ஒன்றும் இல்லை. விழுந்தவள் எழுந்திருக்காமலே, "தொறந்துட்டு! தொறந்துட்டு!" என்று கத்தினாள். சகோதரிகள் ஒரே ஆட்டோவில் திரும்பி வந்தபோது இரண்டு வீட்டிலும் கால் வைக்க இடமில்லை. தெருவின் பெண்கள் எல்லாரும் முனையிலிருந்து முனைவரை துப்பட்டி இல்லாமல் போவதும் வருவதுமாக இருந்தார்கள், ஒருத்தி கையில் சோற்றுத்தட்டு, ஒருத்தி இடுப்பில் பேரப்பிள்ளை, வேலை இல்லாதவர்கள்கூட எதற்கு என்று தெரியாமலே போய்ப் போய்த் திரும்பினார்கள். இடிக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது, அந்த இரண்டு வாரத்துக்குள் பத்தொன்பது வருசத்து நடையையும் நடந்துவிடுவது என்று தீர்மானித்த மாதிரி.

சந்தியாகு கதவைத் திருப்பிக் கொண்டுவரவா என்று கேட்டதற்கு ஜைனம்பு வேண்டாம் என்றாள். தாழ்ப்பாள் இரண்டையும் மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தங்கச்சியின் தாழ்ப்பாளை ராத்தா எடுத்துக்கொண்டாள், ராத்தாவுடையது கோலாலம்பூர் போகும் பெட்டிக்குள் புடவைகளுக்கு நடுவே போயிற்று. ஒருத்தியுடையதை ஒருத்தி வைத்துக்கொண்டால் யாரும் யாரையும் வெளியே வைத்துச் சாத்த முடியாதல்லவா.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கார் தெருமுனையில் வந்து நின்றது. முத்து மீராள் தலைவாசல் வழியாகப் போகவில்லை. தன் கூடத்திலிருந்து ராத்தாவின் கூடத்துக்கு வந்து, அங்கிருந்து அடுத்த வீட்டு அடுப்படி, அதற்கடுத்த வீட்டு முற்றம் என்று வீடு வீடாக, ஒவ்வொரு வீட்டிலும் கட்டிப்பிடித்து ஸலாம் சொல்லிக்கொண்டு நடந்தாள். ஜைனம்பு அவள் கையைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். பதினோரு வீடும் இவ்வளவு சீக்கிரம் முடிந்துபோகும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

கடைசி வீட்டு வாசலில் முத்து மீராள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு திரும்பினாள். "ராத்தா, ஞாயித்துக்கெழமை உங்களுக்கு அஸர் முடிஞ்சதும் நான் போன் பண்றேன். நீங்கோ பண்ணாதீங்கோ. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பண்ணுனா ரெண்டு பேருக்கும் லைன் கெடைக்காது. மறுபடியும் அதே கதையாப் போயிரும்."

"சரிளா."

"சத்தியமாப் பண்ணக்கூடாது."

"பண்ணலன்னு சொல்றேன்ல, போ."

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுதுவிட்டு ஜைனம்பு அந்த வாசலின் நடுவில், பாதி உடம்பு தன் வீட்டிலும் பாதி உடம்பு தங்கச்சி வீட்டிலுமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். போனும் தங்கச்சியின் தாழ்ப்பாளும் மடியில் இருந்தன. பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள், வந்தார்கள். ஐந்து நிமிசமாயிற்று. பத்து நிமிசமாயிற்று. எண்ணைத் தட்ட விரல் துறுதுறுத்தது. விரலை மடக்கித் தங்கச்சியின் தாழ்ப்பாள் குமிழை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முந்திக்கொள்ளாமல் இருப்பதைப் போலக் கஷ்டமான வேலை அவள் வாழ்க்கையில் செய்ததில்லை. சும்மா இருந்தாள். இருபதாவது நிமிசம் மணி அடித்தது.

"ராத்தா, தொறந்துதானே ஈக்கிது?"

"தொறந்துதான்ளா ஈக்கிது" என்றாள் ஜைனம்பு. "உள்ளே வா."